சிவப்புக் கூலண்ட்

நாகேந்திரத்தின் டொல்பின் வானுக்கு வருத்தம் வந்தால் வைத்தியம் கொட்டாஞ்சேனையில்தான். வெள்ளவத்தையில் கராஜ் இல்லாமல் இல்லை. ஆனால் பேர்னாட் கை வைத்தால்தான் அந்த எஞ்சின் சொல்லுக் கேட்கும் என்பது அவருடைய எண்ணம். வானுக்குப் பதினேழு வயது. காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு கந்தோர் உத்தியோகத்தரை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும். பின்னேரம் ஐந்து மணிக்கு அவர்களைத் திருப்பிக் கொண்டுவரும். இடைப்பட்ட நேரத்தில் வானுக்கு ஒரு குறையும் இல்லாவிட்டால் நாகேந்திரம் ஒன்பதரைக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். சாரத்தைக் கட்டிக்கொண்டு பேப்பர் பார்ப்பார், மனைவி கனகேஸ்வரிக்குத் தேங்காய் திருவிக் கொடுப்பார், சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அயர்வார். குறை இருந்தால் கோட்டையிலிருந்து நேரே கொட்டாஞ்சேனை. பிறகு ஆறரை ஏழுக்குத்தான் வீடு.

சண்டை திரும்பவும் தொடங்கியதற்கு அடுத்த வருசம் வானின் குறைகள் கூடிப்போயின. காலி வீதியில் ஐம்பது யார் தூரத்துக்கு ஒரு ஆமிச் செக்பொயின்ற். நின்று நின்று போவதில் எஞ்சின் கொதித்தது. யப்பானிலிருந்து வந்து இறங்கிய நாள் தொட்டு றேடியேற்றருக்குள் குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான் போயிருந்தன. உள்ளே கறள் பிடித்து, குழாய்கள் அடைபட்டு, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் பச்சைக் கூலண்ட் ஊற்றிப் பார்த்தும் கிழமைக்கு ஒரு போத்தல் குடித்தது. அதனால் கிழமையில் மூன்று நாள் நாகேந்திரம் கொட்டாஞ்சேனையில் கிடந்தார்.

பேர்னாட்டின் கராஜுக்கு நாலு கடை தள்ளி ஒரு ஒயில் கடை இருந்தது. கூலண்ட் வாங்குவது அங்கேதான். அதை நடத்தியவள் அட்டன் பக்கத்திலிருந்து கலியாணம் முடித்து வந்து, புருசனை நெஞ்சு வருத்தத்துக்குப் பறிகொடுத்த இராமலெட்சுமி.

முதலில் அவள், நாகேந்திரத்தின் வாயில், 'அந்தக் கடைப் பொம்பிளை'யாக இருந்தாள். இரண்டு மாதத்தில் 'இராமலெட்சுமி' ஆனாள். ஆவணி பிறந்தபோது, இடியப்பத்துக்குச் சொதியை விட்டுக்கொண்டே, "லெட்சுமி சொல்லுறா, இந்த எஞ்சினுக்கு இன்னும் பத்து வருசம் ஆயுள் இருக்காம்" என்றார்.

கனகேஸ்வரி சொதிக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"ஆர் லெட்சுமி?"

"ஒயில் கடை லெட்சுமி. உனக்குச் சொன்னனான்தானே."

"கடைக்காரிக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?"

"அப்பிடிச் சொல்லாதை. பேர்னாட்டை விட அவவுக்கு விசயம் தெரியும். புருசன் லொறி ஓடினவர். சிங்களத்திலை இருக்கிற லேபல் எல்லாம் வாசிச்சுச் சொல்லுவா."

இருபத்தேழு வருசத்தில் கனகேஸ்வரியை ஒருவரும் விசயம் தெரிந்தவள் என்று சொன்னதில்லை. அவளும் அதை எதிர்பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, வெள்ளவத்தைக் கடற்கரை ஒழுங்கையில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து, ஒரே மகளை ஹெந்தளையில் கட்டிக் கொடுத்து, புருசனுக்கு வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டு வந்தவள். அது போதும் என்றுதான் இருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் திரும்பி வந்தது. விடிய எழும்பிக் குழைத்த பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் அப்படியே இருந்தன.

"ஏன், மேலுக்குச் சுகமில்லையோ?"

"சீ. லெட்சுமி ரொட்டி சுட்டவ. தேங்காய்ப்பூப் போட்டு, உறைப்பான கட்டைச் சம்பலோட. வேண்டாம் எண்டு சொன்னா ஒரு மாதிரி இருக்கும்."

அவள் பெட்டியைக் கழுவினாள். ஒருதரம் கழுவியது காணாதென்று இன்னொருதரம் கழுவினாள். அன்றைக்கு இரவு அவர் நித்திரையாகிப் போனார். அவள் மட்டும் கட்டைச் சம்பலை நினைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தாள். அவள் அவருக்குச் சம்பலில் உறைப்புப் போடுவதில்லை. வயிற்றெரிவு என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

அந்தக் கிழமையே, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவதாக வீட்டுக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். கோயிலுக்குப் போய் மெழுகுதிரியும் கொளுத்தினாள்தான். பிறகு சேலைத் தலைப்பால் முகத்துக்கு வெயில் மறைத்தபடி கொட்டாஞ்சேனைத் தெருவில் நடந்தாள். எதிர்ப் பக்கத்து மருந்துக்கடை வாசலில் நின்றால் ஒயில் கடை நேரே தெரிந்தது.

அழகி ஒருத்தியைத்தான் காணப்போகிறாள் என்று மனத்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கண்டது நாற்பது வயதில் ஒட்டி உலர்ந்த ஒரு பெண்ணை. கறுத்த கை, நகத்துக்குள் ஒயில் அழுக்கு, காதில் ஒரு சின்னத் தோடு. புனலைத் துடைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். நாகேந்திரம் சிரித்தார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரிய, இடம்பெயர்ந்து வந்த பிறகு கனகேஸ்வரி கண்டிராத ஒரு சிரிப்பு.

அழகியாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். இதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரன் சிங்களத்தில் என்ன வேண்டும் என்று கேட்டான். இரண்டு பனடோல் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

புரட்டாதியில்தான் சிவப்புக் கூலண்ட் கதை வந்தது. வருசக்கணக்காக மாற்றத் தேவையில்லாத சாமான், புதுக் கார்களுக்கு வருவது என்று இராமலெட்சுமி சொன்னாளாம். பேர்னாட் ஒத்துக்கொள்ளவில்லை.

"பழைய எஞ்சினுக்கு இதெல்லாம் ஒத்து வராது அண்ணை. அந்தக் கறள்தான் ஓட்டைய அடைச்சு வச்சிருக்கு. கழுவினா அங்க இங்க ஒழுகும்" என்று அவன் தலையை ஆட்டினானாம். அதற்கு அவள், "ஒழுகுற ரப்பர் ஹோஸ மாத்துங்க. முழுசாக் கழுவிட்டு ஊத்தினா ஒண்ணும் ஆகாது. அரைகுறையாக் கழுவினாத்தான் வம்பு" என்றாளாம். இரண்டு பேருடைய குரலிலும் நாகேந்திரம் வீட்டில் நடித்துக் காட்டினார். இராமலெட்சுமியின் குரல் அவருக்கு அச்சொட்டாக வந்தது.

ஒரு சனிக்கிழமை முழுக்க அந்த வேலை நடந்தது. எஞ்சின் கட்டையின் அடித் தக்கையையும் கழற்றி, பழைய தண்ணீரை வடித்து, மருந்து விட்டு ஓட வைத்து, திரும்பத் திரும்பக் கழுவினார்கள். முதல் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி வந்ததாம். ஏழாவது கண்ணாடி மாதிரி. றபர்க் குழாய்களையும் மூடியையும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ராற்றையும் புதிதாகப் போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து சிவப்பை விட்டார்கள். நாகேந்திரம் குழந்தை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி வந்தார்.

"கனகேசு, கேட்டுக்கொள். இதுக்குள்ளை இனிப் பச்சை ஒரு சொட்டும் போகக் கூடாது. ரெண்டும் சேந்தால் களி மாதிரித் திரண்டு போகுமாம். குழாய்த் தண்ணியும் கூடாது. நீ வானைக் கழுவேக்கை ஒண்டையும் திறந்து போடாதை."

"எனக்கென்ன விசரே, அதைத் திறக்க."

அதற்குப் பிறகு ஒரு கிழமை வான் ஒரு கரைச்சலும் தரவில்லை. நாகேந்திரம் ஒவ்வொரு நாளும் ஒன்பதரைக்கு வீட்டில். கனகேஸ்வரி சம்பலில் உறைப்பைக் கூட்டினாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டார். ஆனால் வாய் மட்டும் கொட்டாஞ்சேனையை விட்டு வரவில்லை. "செக்பொயின்றிலை அரை மணித்தியாலம் நிண்டும் சூட்டு முள் ஏறேல்லை, லெட்சுமி சொன்னது சரி. எஞ்சின் சத்தமும் குறைஞ்சிருக்கு, லெட்சுமிக்குச் சொல்ல வேணும்" என்பார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், முன்பக்கத்தில் றேடியேற்றரோடு சேர்ந்திருக்கும் மேலதிகப் போத்தலில் கூலண்ட் ஒரு விரற்கடை இறங்கியிருப்பதைக் கண்டார்.

"நாளைக்கு லெட்சுமியிட்டைக் கொண்டு போய்க் காட்டவேணும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். முகத்தில் கவலை இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்ததாகக் கனகேஸ்வரிக்குப் பட்டது.

அவர் குறட்டை விடத் தொடங்கியதும் அவள் குசினிக்குப் போனாள். கழுவு தொட்டிக்குக் கீழே, பழைய பச்சைக் கூலண்ட் முக்கால் போத்தல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினாள். கடல் காற்று சேலையை இழுத்தது. றெயில் ஒன்று போனது. அவர் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஒரு சொட்டும் கூடாது என்றது காதுக்குள் நின்றது. இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இந்தக் கொஞ்சம் என்ன செய்துவிடும், அந்தக் கடைக்காரி சொன்னதெல்லாம் வேதவாக்கோ என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மேலதிகப் போத்தலுக்குள் ஊற்றினாள். வானின் அந்தப் போத்தல் வெயிலில் பழுத்து மஞ்சளாகிக் கிடந்ததால் உள்ளே நிறம் மாறியது வெளியில் தெரியவில்லை. மட்டம் மாத்திரம் ஏறியது.

எழும்பி வந்து பார்த்த நாகேந்திரம் தொடையில் தட்டினார்.

"பாத்தியே! உள்ளுக்குள்ளை காத்து இருந்தால் முதல்லை இறங்கிப் பிறகு சரிவரும் எண்டு லெட்சுமி சொன்னவ. அப்பிடியே நடந்திருக்கு."

கனகேஸ்வரி தேத்தண்ணிக்கு வெந்நீர் வைத்தாள். அவர் வியாழக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. அது போதும்.

எங்கோ ஒரு பழைய றபர் சீல் மெல்லக் கசிந்திருக்க வேண்டும். மட்டம் திரும்பவும் இறங்கியது. அவள் திரும்பவும் ஊற்றினாள். மூன்று கிழமைக்குள் ஐந்து தரம். பச்சைப் போத்தல் முடிந்த பிறகு குழாய்த் தண்ணீர்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை காலை, எட்டு மணிக்கு முன்னம், வீட்டு டெலிபோன் அடித்தது. நாகேந்திரத்தின் வானில் போகும் வங்கிக் கிளாக் நிக்கலஸ்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. கொள்ளுப்பிட்டியிலை செக்பொயின்றுக்குக் கிட்ட வான் கொதிச்சு நிண்டிட்டுது. ஒரே புகை. ஆமிக்காரர் குண்டு எண்டு நினைச்சுத் துவக்கை நீட்டினவங்கள். எங்களை எல்லாம் றோட்டிலை குந்த வச்சு ஐசி பாத்து விட்டிட்டாங்கள். அண்ணையைப் பொலிசுக்குக் கொண்டு போட்டாங்கள்."

"என்ரை அம்மாளாச்சி. அடிச்சவங்களோ?"

"இல்லை. ஆனா றேடியேற்றருக்குள்ளை இருந்து என்னவோ களி மாதிரி வந்தது. அதென்ன மருந்தெண்டு கேக்கிறாங்கள். நீங்கள் உங்கடை ஐசி, வீட்டுப் பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் கொண்டு ஓடிவாங்கோ."

றிசீவரை வைத்துவிட்டுக் கனகேஸ்வரி குசினிக்குப் போய்க் கழுவு தொட்டிக்குக் கீழே பார்த்தாள். களி என்ற சொல் போதுமாக இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் நாகேந்திரம் ஒரு நீட்டு மர வாங்கில் ஈர உடுப்போடு இருந்தார். நீராவி அடித்து முன்கை சிவந்து பொங்கியிருந்தது. அவளைக் கண்டு எழும்பப் பார்த்தவரைப் பொலிஸ்காரன் ஒருவன் தோளில் கை வைத்து இருத்தினான். இன்ஸ்பெக்டரின் மேசையில் வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் அந்தச் சாமான் இருந்தது. பழுப்பும் பச்சையும் கலந்து, கெட்டியாக, கரண்டியால் அள்ளலாம் போல.

கனகேஸ்வரியின் சிங்களம் மீன்காரனோடும் மரக்கறிக்காரியோடும் கதைக்கக் காணும். இங்கே ஒரு சொல்லும் வரவில்லை. தன் அடையாள அட்டையையும் பதிவுத் துண்டையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

அரை மணித்தியாலத்தில் இராமலெட்சுமி வந்தாள். பேர்னாட்டின் கராஜுக்கு நாகேந்திரம் நிக்கலஸிடம் சொல்லி அனுப்பியிருந்தார். பேர்னாட் நுகேகொடைக்குப் போயிருந்ததால், சங்கதி கேட்டு இவள் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். மழையில் நனைந்த குடையும் கையில் ஒரு சின்னச் சிவப்புப் போத்தலும். நேரே மேசைக்குப் போய் மளமளவென்று சிங்களத்தில் கதைத்தாள். பயம் இருந்தது, ஆனால் குரல் தளும்பவில்லை. தன் போத்தலைக் களிக்குப் பக்கத்தில் வைத்து, நான் விற்றது இது, இது இப்படித் திரளாது, இதற்குள் வேறு என்னவோ விழுந்திருக்கிறது என்றாள்.

இன்ஸ்பெக்டர் நாகேந்திரத்தின் பக்கம் திரும்பினார். "வேற என்ன ஊத்தினது?" என்பதை இராமலெட்சுமி தமிழில் கேட்டாள்.

"ஒண்டும் ஊத்தேல்லை. ஆண்டவன் அறிய ஒரு சொட்டும் ஊத்தேல்லை."

இன்ஸ்பெக்டர் பேனையைத் தூக்கினார். அவர் சொன்னதைக் கேட்டு இராமலெட்சுமியின் முகம் வெளிறியது. அவள் கனகேஸ்வரியிடம் திரும்பிச் சொன்னாள்.

"அரசாங்கப் பரிசோதனைக்கு அனுப்பப் போறாங்களாம்க்கா. என்னன்னு முடிவு வர்ற வரைக்கும் இவர உள்ள வைப்பாங்களாம். எத்தினி மாசம் ஆகும்னு தெரியாதுன்றாரு."

கனகேஸ்வரி நாகேந்திரத்தைப் பார்த்தாள். அவர் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படி உள்ளே போனவர்களின் பெண்சாதிமார் இரண்டு பேர் அவளுடைய ஒழுங்கையிலேயே இருந்தார்கள்.

"நான்தான் ஊத்தினனான்" என்றாள்.

அவள் சொன்னது தமிழ். விளங்க வேண்டிய இன்ஸ்பெக்டருக்கு அது இராமலெட்சுமியின் வாயால்தான் போக வேண்டும்.

"அவருக்குத் தெரியாது. பழைய பச்சைக் கூலண்ட் குசினியிலை கிடந்தது. அதையும் குழாய்த் தண்ணியையும் விட்டனான். அஞ்சு தரம். சொல்லுங்கோ."

இராமலெட்சுமி சொன்னாள். இன்ஸ்பெக்டர் கனகேஸ்வரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு சொல் கேட்டார். அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

"ஏன்னு கேக்குறாரு" என்றாள் இராமலெட்சுமி.

"மட்டம் குறைஞ்சால் இவர் உங்கடை கடைக்கு வருவார். வரக் கூடாதெண்டு ஊத்தினனான்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இராமலெட்சுமியின் கண் ஒருதரம் வாங்குப் பக்கம் போய் வந்தது. பிறகு இன்ஸ்பெக்டரிடம், "எயாட்ட தன்னே நே சேர். பவ்" என்று தொடங்கி என்னவோ சொன்னாள். அவ்வளவு சிங்களம் கனகேஸ்வரிக்கு விளங்கும். 'அவவுக்குத் தெரியாது சேர், பாவம்.'

இன்ஸ்பெக்டர் முதல்முறையாகச் சிரித்தார். பொலிஸ் வாகனங்களைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டார். அந்த வயதாளி களியை விரலில் எடுத்துத் தேய்த்து, மணந்து பார்த்து, பச்சையும் சிவப்பும் கலந்தால் இப்படித்தான் ஆகும், தன் மருமகனும் இதே கூத்தை ஆடினவன் என்று சொன்னார். இரண்டு கடுதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மத்தியானம் நாகேந்திரத்தை விட்டார்கள். இராமலெட்சுமி குடையை விரித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள்.

ஓட்டோ பம்பலப்பிட்டியைத் தாண்டியது. மழை பக்கத்துத் துணியில் அடித்தது.

"உனக்கு வடிவாச் சொன்னனான், கனகேசு."

"ஓம். சொன்னனீங்கள்."

"தெரியாமல் ஊத்தினதெண்டில்லை."

"தெரிஞ்சுதான் ஊத்தினனான். ஏனெண்டும் சொன்னனான். நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்."

அவர் பொங்கின கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடுவார் என்று அவள் காத்திருந்தாள். போட்டிருந்தால் நல்லது.

"அவ என்ன நினைச்சிருப்பா?" என்றார் மெல்ல.

கனகேஸ்வரி வெளியே திரும்பிக்கொண்டாள். மாதக் கணக்கில் மறியல் சிறைக்குள் கிடக்கப் பார்த்த மனுசனுக்கு அதுவோ கவலை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அவருடைய கைக்குக் கத்தாளைச் சோறு அப்பி, துணி சுற்றிக் கட்டினாள். கட்டு கொஞ்சம் இறுக்கமாகத்தான் விழுந்தது.

வானைப் பேர்னாட்டின் கராஜுக்கு இழுத்துப் போய் நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை அவளும் கூடப் போனாள். பேர்னாட் றேடியேற்றரைக் கழற்றிக் குழாய் குழாயாகக் குத்தி எடுத்தான். கட்டி கட்டியாக வெளியே விழுந்ததைக் காணக் கனகேஸ்வரிக்குக் கூசியது.

"அக்கா, எஞ்சின் ஹெட் தப்பினது உங்கட அதிர்ஷ்டம்" என்றான் பேர்னாட். "அண்ணை அந்த இடத்திலேயே எஞ்சின நிப்பாட்டினபடியா தப்பினது. இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தா ஹெட் வளைஞ்சு போயிருக்கும்."

பத்தாவது தண்ணீர் தெளிவாக வந்தது. பேர்னாட் கையைத் துடைத்தான்.

"சரி. இனிச் சாமான் வேணும். பச்சையா, சிவப்பா?"

"சிவப்பு" என்றபடி நாகேந்திரம் எழும்பினார்.

"இருங்கோ. கை புண்ணோட ஏன்? நான் வாங்கிக்கொண்டு வாறன்" என்றாள் கனகேஸ்வரி.

இராமலெட்சுமி அரைக்கதவு திறந்து வைத்துச் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். கனகேஸ்வரியைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்தாள்.

"வாங்கக்கா."

"சிவப்புக் கூலண்ட் ரெண்டு கான் வேணும். வடிச்ச தண்ணியும்."

அவள் ஏணியில் ஏறி இறக்கி வைத்தாள். கனகேஸ்வரி போகாமல் நின்றாள்.

"அண்டைக்கு நான் சொன்னதை ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?"

"பின்ன என்னத்தக்கா சொல்றது. பொலிஸ்காரன் முன்னால நீங்களும் நானும் மானம் போய் நிக்கிறதா?"

"அவர் இஞ்சை வாறது எனக்குப் பிடிக்கேல்லை. அது பொய்யில்லை."

"பொய்யின்னு நான் சொல்லலியே." இராமலெட்சுமி கானின் தூசியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "ஒரு நாள் நீங்க அந்த மருந்துக்கட வாசல்ல நின்னீங்க. அவரு மணிபர்ஸுல உங்க படம் பாத்திருக்கேன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல."

கனகேஸ்வரிக்கு முகம் சுட்டது.

"பச்சையவே வித்துக்கிட்டு இருந்திருந்தா கெழமைக்கு மூணு நாளு வந்திருப்பாரு. எனக்கும் பேச்சுத் தொணை. வாசல்ல வேன் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிப்பேன். அது எனக்கே புடிக்கலக்கா. அந்தச் செவப்ப ஊத்திட்டா மூணு வருசத்துக்கு இந்தப் பக்கம் வரத் தேவையில்ல. அதுக்காகத்தான் பேர்னாட்கூடச் சண்ட போட்டு அத ஊத்த வச்சேன்."

தெருவில் ஒரு பஸ் இரைந்துகொண்டு போனது. தனக்கு வேண்டியிருந்ததை இந்த மனுசி தன் கையாலேயே அளந்து விட்டிருக்கிறாள். தான்தான் ஒழுங்கையில் ஒளித்து நின்று அதைக் கெடுத்திருக்கிறாள். நெஞ்சு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அவர் வருவது தெரிந்து எழும்பி நிற்க இன்னொருத்தி இருந்தாள் என்பதே இப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது.

"அவருக்கு இது தெரியுமோ?"

"தெரியாதுங்க."

"தெரிய வேண்டாம்."

"வேணாம்" என்றாள் இராமலெட்சுமி. "மூடிய நல்லா முறுக்கச் சொல்லுங்க."

இரண்டு கானையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு கனகேஸ்வரி நடந்தாள். பின்னால் ஒரு பெடியன் வடித்த தண்ணீரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து கராஜ் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். நாகேந்திரம் அவளுடைய கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

"என்னவாம் லெட்சுமி?"

"இதை விட்டால் மூண்டு வருசத்துக்கு அந்தப் பக்கம் வரத் தேவையில்லையாம்."

"மூண்டு வருசமோ?" என்றார். நல்ல செய்திதான். வான் வைத்திருக்கும் எவரும் சந்தோசப்படும் செய்தி. அவருடைய முகம் ஒரு கணம் விழுந்ததையும், உடனே அவர் குனிந்து டயரைத் தட்டிப் பார்க்கத் தொடங்கியதையும் கனகேஸ்வரி கண்டாள்.

கானின் மூடியைத் தானே திறந்தாள்.

"பேர்னாட், புனலைக் கொண்டு வாங்கோ" என்றாள். "நிரம்ப விடுங்கோ."